இல்லாத காசுக்கு ஒரு கட்டணம்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு சூத்திரத்தைக் கொடுப்பார்கள். சின்னச் சூத்திரம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொள்ள நான்கு வருடம் பிடித்தது.

இந்த வருடக் கடைசியோடு நான் இந்த அலுவலகத்தை விட்டுப் போகிறேன். இருபத்தேழு வயதில் ஓய்வு பெற்றவள் மாதிரிப் பேசுகிறாள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் என் கதிரையில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். தமிழ் பேசும் வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் வந்தால் அழைப்பை உங்கள் பக்கம்தான் தள்ளுவார்கள். மற்ற எல்லாவற்றையும் பயிற்சிக் கோப்பில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அதில் இல்லை. அது தமிழில் நடந்தது.

முதலில் அந்தச் சூத்திரம். ஒருவர் தன் சேமிப்பை ஒரே தொகையாக எங்களிடம் தருகிறார். முதுமையில் அதிலிருந்து வருடாவருடம் வருமானம் எடுப்பது அவருடைய எண்ணம். நாங்கள் அந்தக் காசைச் சந்தையில் போடுகிறோம். விரும்பினால் அவர் அந்த ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்பைச் சேர்க்கலாம். அலுவலகத்தில் அதை ரைடர் என்போம். ரைடரைச் சேர்த்தவருக்கு, சந்தை விழுந்தாலும் உயிரோடு இருக்கும்வரை வருடம் இவ்வளவு தருவோம் என்று கம்பனி உறுதி சொல்லும். அந்த வருமானத்தைக் கணக்கிட ஓர் எண்ணை எழுதி வைத்திருப்போம். அதற்குப் பெயர் உறுதித் தொகை.

நான் சொல்லப்போகிறவர் எண்பதாயிரம் பவுண் போட்டவர். அவருடைய உறுதித் தொகையும் எண்பதாயிரம். அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது வருடம் நாலாயிரம், சாகும்வரை அவருக்கு வரும். சந்தையில் கிடக்கிற உண்மைக் காசு வேறு. அது 2009 தொடக்கத்தில் ஐம்பத்திரண்டாயிரமாக இறங்கியிருந்தது. (எண்களை உங்களுக்கு விளங்குவதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். பெயரையும் மாற்றுகிறேன்.)

ரைடருக்குக் கட்டணம் உண்டு. வருடம் நூற்றுக்கு ஒன்று தசம் இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் கால் பங்கை எடுப்போம். எந்தத் தொகையில் நூற்றுக்கு என்பதுதான் எல்லாரும் இடறுகிற இடம். கணக்கிடுவது உறுதித் தொகையின் மேல். எடுப்பது உண்மைக் காசிலிருந்து. ஐம்பத்திரண்டாயிரத்தின் மேல் கணக்கிட்டால் நூற்றைம்பத்தாறு பவுண் வரும். நாங்கள் எடுத்தது இருநூற்று நாற்பது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் இருநூற்று நாற்பதுதான். கிடக்கிற காசு சுருங்கச் சுருங்க அதே இருநூற்று நாற்பது அதைப் பெரிய வாயால் தின்னும்.

அந்த வருடம் தைமாத அறிக்கைகள் வீடுகளுக்குப் போனதும் தொலைபேசி ஓயவில்லை. ஆட்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கள்ளர் என்று ஏசினார்கள். தமிழ் வாடிக்கையாளர் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் தோர்ண்டன் ஹீத், கோலியர்ஸ் வுட் பக்கம். ஒரே முகவர் விற்ற ஒப்பந்தங்கள். அந்த முகவர் அப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. பதினொரு பேரும் என்னிடம் வந்தார்கள்.

ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தை அப்படியே தமிழாக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. சீட்டு.

சீட்டுப் போடாத வீடு எங்களுக்குள் ஏது? இருபது பேர் மாதம் ஐந்நூறு போட்டால் சீட்டு பத்தாயிரம். அவசரப்பட்டவர் கழிவு கேட்டுக் குறைத்து எடுப்பார். எட்டாயிரத்துக்கு எடுத்தாலும் ஏழாயிரத்துக்கு எடுத்தாலும், சீட்டுப் பிடிக்கிறவர் தன் பங்கை முழுப் பத்தாயிரத்தில்தான் கணக்கிடுவார். செவன் கிங்ஸில் அப்பா போடுகிற சீட்டில் அப்படித்தான். ரைடர் கட்டணமும் அதுபோல முழு உறுதித் தொகையில்தான் என்று சொன்னேன்.

தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருந்து விற்றவர் ஒருவர், பெயர் சிவபாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதைக் கேட்டதும் தொலைபேசியில் பெரிதாகச் சிரித்தார்.

“அட, சீட்டோ! இதை முந்தியே சொல்லியிருந்தா நான் ஏன் பிள்ளை சண்டைக்கு வாறன்? ஜெர்மனியில இருந்தே சீட்டுப் போட்டவன் நான். எங்கட காசைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன் எங்களுக்கே சீட்டுப் பிடிக்கிறான்.”

“கட்டணம் எடுக்கிற விதம் மட்டும்தான் ஐயா அதுமாதிரி,” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் சிரித்தேன். பதினொரு பேருக்கும் அதையே சொன்னேன். முறைப்பாடுகள் நின்றன. மேற்பார்வையாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடம் போகவே இல்லை. நான் கணிதத்தில் பட்டம் எடுத்தவள். பட்டத்தையும் சீட்டையும் ஒன்றாகக் கட்ட இந்தக் கட்டடத்தில் என்னால் மட்டும்தான் முடியும் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நினைத்தேன். ரயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை, அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இனி அந்த நாள்.

மே மாதம். வன்னியிலிருந்து வருகிற போர்ச் செய்திகளால் எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் ஒழுங்காகச் சாப்பிடாத காலம். தினமும் ஆட்கள் போரை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். நான் காலையில் வேலைக்கு வந்து எண்களுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அது எனக்கு ஒளிக்கிற இடமாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அன்றைய வெளியேற்றப் பட்டியலைத் திறந்தேன். காசை எடுக்கக் கேட்டுக் காலைத் தபாலில் வந்த படிவங்களை வேறு பகுதியினர் கணினியில் ஏற்றியிருப்பார்கள். நாலு மணிக்கு அது தானாக ஓடும், அன்றைய விலைக்கு முதலீட்டை விற்றுக் காசை அனுப்பும். அந்தப் பட்டியலில் சிவபாதத்தின் பெயர் இருந்தது. எடுக்க விரும்பும் தொகை என்ற பெட்டியில் எண்பதாயிரம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெட்டியை இன்னொருமுறை படித்தேன்.

அவர் கணக்கில் இருந்த உண்மைக் காசு ஐம்பத்திரண்டாயிரம். எண்பதாயிரம் இப்போது அங்கே இல்லை. அது வருமானத்தையும் கட்டணத்தையும் கணக்கிட மட்டும் எழுதி வைத்த எண். ஆனால் அது சீட்டு என்று நான் சொல்லியிருந்தேன். சீட்டு என்றால் அவசரத்துக்கு எடுக்கலாம். கழிவு போக மிச்சம் கைக்கு வரும். அந்த மனிதர் தன் சீட்டை எடுக்க வந்திருக்கிறார்.

கணினிக்குச் சீட்டுத் தெரியாது. கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கேட்டால், ஆள் முழுவதையும் முடித்துக்கொண்டு போகிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். நாலு மணிக்கு ஐம்பத்திரண்டாயிரத்தை அவருக்கு அனுப்பிவிட்டு ஒப்பந்தத்தை மூடும். அதோடு ரைடரும் போய்விடும். அறுபத்தாறு வயது மனிதருக்கும் மனைவிக்கும் சாகும்வரை வரவேண்டிய நாலாயிரம் அன்றைக்கே முடிந்துவிடும். ஓடியபின் திருப்ப முடியாது.

படிவத்தில் எச்சரிக்கை எல்லாம் அச்சிட்டிருந்தது, ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். கீழே அவருடைய கையெழுத்து. விதிப்படி ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னதன் ஒலிப்பதிவு இருந்தது, ஆனால் தமிழில். அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்டு விளங்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் பட்டியலை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தால், இதுவரைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த நினைப்பு வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான இன்னொரு நினைப்பும் வந்தது. நாலு மணிக்குள் அவரைப் பிடித்து, படிவத்தை அவராகவே திரும்பப் பெறச் செய்துவிட்டால், அவருடைய காசும் தப்பும், என் பெயரும் தப்பும்.

வீட்டுக்கு எடுத்தேன். மனைவி எடுத்தார்.

“அவர் பாராளுமன்றத்தடிக்குப் போயிட்டார் பிள்ளை. விடியவே போயிட்டார். ஆர் கதைக்கிறது?”

கம்பனியிலிருந்து என்றேன்.

“காசு வந்திட்டுதோ?” குரலில் இருந்த ஆவலைக் கேட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். “இவற்ற தங்கச்சியும் மூண்டு பிள்ளையளும் வவுனியாவில முகாமுக்குள்ள கிடக்குதுகள். தங்கச்சியின்ர மனுசன் போன வருசம் செத்துப்போனான். அதுகளை வெளியால எடுத்து இந்தியாவுக்கு அனுப்புறவங்கள் இருபத்தஞ்சாயிரம் கேக்கிறாங்கள். இவர் ஓமெண்டு சொல்லிப்போட்டார். உங்கட சீட்டை நம்பித்தான் சொன்னவர்.”

உங்கட சீட்டு. அவர் அப்படித்தான் சொன்னார்.

“அன்ரி, அவர் வந்த உடன என்னை எடுக்கச் சொல்லுங்கோ. உடன.”

“ஏன் பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை அன்ரி. ஒரு சின்ன விசயம்.”

அது அன்றைக்கு நான் சொன்ன பொய்.

கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். கால் மணிக்கு ஒருமுறை எடுத்தேன். இடையில், படிவத்தைத் திருப்பி அனுப்புவதற்கான காரணப் பட்டியலைத் திறந்து ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ என்பதைத் தெரிவு செய்தேன். விரல் பொத்தானில் இருந்தது. ஆனால் கையெழுத்தை இரண்டாவதாக ஒருவர் பார்ப்பார், அது அச்சொட்டாக ஒத்துப்போகும் கையெழுத்து. பொய் சொல்லப் பயந்து நிறுத்தவில்லை. பிடிபடுவேன் என்று பயந்து நிறுத்தினேன்.

மூன்று மணி பத்துக்கு அவர் எடுத்தார். பின்னால் பறையும் கோஷமும்.

“ஐயா, நான் கம்பனியிலயிருந்து. உங்கட படிவம்…”

“ஆர்? சத்தமாக் கதையும்!”

“படிவம் ஐயா! எண்பதாயிரம்…”

“ஓம் ஓம், எண்பது! கழிவு எவ்வளவெண்டாலும் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ! ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. பின்னேரம் எடுக்கிறன்.”

தொடர்பு அறுந்தது. அதன்பிறகு அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அவருக்குக் கேட்டிருக்காது.

மூன்று மணி நாற்பதுக்கு நான் எழுந்தேன். என் மேசையிலிருந்து மேற்பார்வையாளரின் மேசைக்குப் பன்னிரண்டு காலடி. பிறகொரு நாள் எண்ணிப் பார்த்தேன். அவர் தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நிமிடமும் டக் என்று ஒரு சத்தம் போடும். மூன்றுமுறை போட்டது.

“ஒரு வெளியேற்றத்தை நிறுத்த வேண்டும்,” என்றேன். “நான் அவருக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன்.”

அவர் காரணம் கேட்கவில்லை. “இலக்கம்?” என்றார். சொன்னேன். இரண்டு பொத்தான்களைத் தட்டினார். திரையில் அந்த வரி சாம்பல் நிறமானது. பத்து விநாடி எடுத்திருக்காது. அதன்பிறகுதான் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“இனி மெதுவாகச் சொல்.”

சொன்னேன். சீட்டு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டி இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய்?”

“பதினொரு பேருக்கு.”

“படிவத்தை எத்தனை மணிக்குக் கண்டாய்?”

“பன்னிரண்டரைக்கு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்கிறேன். பிழையாகச் சொன்னதை நான் உங்களுக்குப் பெரிய குற்றமாகக் காட்ட வரவில்லை. யாரும் பிழையாகச் சொல்லலாம். பத்து விநாடியில் முடிகிற காரியத்தை மூன்று மணித்தியாலம் ஒருவருக்கும் தெரியாமல் நானே முடிக்கப் பார்த்தேனே, அதுதான் குற்றம். அந்த மூன்று மணித்தியாலமும் அந்த மனிதரின் முதுமையை நான் என் பெயருக்குப் பணயம் வைத்திருந்தேன். நீங்களும் ஒருநாள் இப்படி ஓர் எண்ணைக் காண்பீர்கள். கண்டதும் எழுந்து நடந்துவிடுங்கள். உங்களுக்குள் காரணங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுங்கள்.

அன்று மாலை வீட்டில் அப்பா இரவு ஷிப்டுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பெற்றோல் நிலையச் சட்டையோடு குசினியில் நின்று தேநீர் குடித்தார். நான் அவருக்கும் அந்த ரைடரைச் சீட்டைக் கொண்டே விளக்கினேன், பதினொரு பேருக்குச் சொன்ன அதே சொற்களில்.

“விளங்குதோ அப்பா?”

“ஓம், விளங்குது.”

“அப்ப அந்த எண்பதாயிரத்தை என்ன செய்யலாம்?”

“என்ன செய்யிறதோ? அந்தரத்துக்கு எடுக்கலாம். எடுக்கேலாட்டி அதென்ன சீட்டு?”

“அப்பிடி நான் சொல்லேல்லையே. ஏன் கேக்கேல்லை?”

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். “நீ படிச்சனீ. நீ சொல்லேக்க நாங்கள் குறுக்கால என்னத்தைக் கேக்கிறது?”

பதினொரு பேரும் என்னிடம் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. என் விளக்கம் தெளிவாக இருந்ததனால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் அழைப்பை எடுக்கச் சொன்னார். “நடந்ததைச் சொல். எண்களைச் சொல். எடுங்கள் என்றோ எடுக்காதீர்கள் என்றோ சொல்லாதே. அது எங்கள் வேலை இல்லை,” என்றார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் எதிரே உட்கார்ந்தார்.

சிவபாதம் தொலைபேசிக்கு உற்சாகமாகத்தான் வந்தார். “மன்னிக்க வேணும் பிள்ளை, நேற்று அங்க ஒரே சனம். காசு எப்ப வரும்?”

“ஐயா, நான் உங்களுக்குத் தைமாதம் சொன்னதில ஒரு பிழை இருக்கு. பிழை என்ர. எண்பதாயிரம் எண்டது எடுக்கிற காசில்லை.”

“என்ன?”

“உங்கட கணக்கில உண்மையாக் கிடக்கிறது ஐம்பத்திரண்டு.”

“அப்ப மிச்சம் இருபத்தெட்டும் எங்க?”

“சந்தை விழுந்ததில அது கரைஞ்சிட்டுது ஐயா. எண்பது எண்டது இப்ப ஒரு எண் மட்டும்தான். கணக்குப் போடுறதுக்கு.”



“இல்லாத காசுக்கோ பிள்ளை நான் இருநூற்றி நாப்பது கட்டினனான்?”

இதற்குப் பதில் பயிற்சிக் கோப்பில் இருக்கிறது. நாலு பந்தி. நான் அதைச் சொல்லவில்லை.

“ஓம் ஐயா. இல்லாத காசுக்குத்தான். ஆனா அந்த எண்ணை வைச்சுத்தான் உங்களுக்கு வருசம் நாலாயிரம் வருது. கிடக்கிற காசு முடிஞ்சாலும் வரும். நேற்று உங்கட படிவம் ஓடியிருந்தா அது இல்லாமப் போயிருக்கும்.”

“சீட்டெண்டு நீர்தானே சொன்னனீர்?”

“நான்தான் சொன்னனான்.”

“நீர் படிச்ச பிள்ளை. நான் உம்மை நம்பி அங்க ஓமெண்டு சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளையள் முகாமுக்குள்ள நாள் எண்ணிக்கொண்டு கிடக்குதுகள். இப்ப நான் அதுகளுக்கு என்னெண்டு சொல்ல?”

மேற்பார்வையாளர் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் மன்னிப்புக் கேட்டேன். பின்னால் மனைவியின் குரல் கேட்டது. “ஏசாதேங்கோ. எவ்வளவு எடுக்கலாமெண்டு கேளுங்கோ.”

“எவ்வளவு எடுக்கலாம்?” என்றார்.

“இந்த வருசத்து நாலாயிரத்தை ஏற்கெனவே எடுத்திட்டியள். அதுக்கு மேல எடுத்தா, கிடக்கிற காசில எத்தினை பங்கு எடுக்கிறியளோ, உறுதித் தொகையிலயும் அத்தினை பங்கு போகும். கால்வாசி, பதின்மூண்டு எடுத்தா, எண்பது அறுபதாகும். வருமானம் மூவாயிரம். பாதி, இருபத்தாறு எடுத்தா, நாப்பதாகும். வருமானம் இரண்டாயிரம்.”

“சாகும்வரைக்கும் இரண்டாயிரமோ?”

“சாகும்வரைக்கும்.”

“ரண்டு பேருக்கும்?”

“உங்கட ஒப்பந்தத்தில ரண்டு பேருக்கும்தான் ஐயா. ஆர் பிந்திப் போறாங்களோ அதுவரைக்கும்.”

“நீர் என்ர மகளெண்டா இப்ப என்ன சொல்லுவீர்?”

எடுக்காதீர்கள் என்ற சொல் என் வாயில் இருந்தது. எடுங்கள் என்ற சொல்லும் இருந்தது. முகாமுக்குள் மூன்று பிள்ளைகள் ஒரு பக்கம், தோர்ண்டன் ஹீத்தில் இரண்டு முதியவர்கள் மறு பக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்கு எந்தப் பட்டமும் கற்றுத் தராது.

“அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை ஐயா. ஆனா கணக்கை எத்தினை தரமெண்டாலும் சொல்லுறன்.”

மூன்று தரம் சொல்லவைத்தார். மூன்றாம் தரம் முடிந்ததும், “இரும், மனுசிக்குச் சொல்லோணும்,” என்று தொலைபேசியைக் கீழே வைத்தார். அவர் மனைவிக்குச் சொல்வது எனக்குக் கேட்டது. சீட்டு, கழிவு என்ற சொற்கள் அதில் இல்லை. “இஞ்ச பாரும். கிடக்கிறது ஐம்பத்திரண்டு. பாதியை எடுத்தா எங்களுக்கு வாறதும் பாதிதான். பிறகு கூடாது. சந்தை ஏறினா கிடக்கிற காசு கூடலாம், கூடாமலும் விடலாம். அவங்கள் எடுக்கிற கட்டணமும் பாதியாகும், நூற்றியிருபது.” கட்டணம் குறைவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவராகவே கணக்குப் போட்டிருந்தார்.

திரும்ப வந்து, “நான் சொன்னது சரியோ?” என்றார்.

மேற்பார்வையாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தைமாதம் அவர் சிரித்தபோது நான் சொல்லாமல் விட்டது இந்த இடத்தில்தான். கடதாசியில் எல்லா எண்களையும் மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

“ஒண்டைத் தவிர எல்லாம் சரி ஐயா. சந்தை ஏறினா, வருசம் முடியிற நாளில பாத்து உறுதித் தொகையைக் கூட்டுவினம். அப்ப வருமானமும் கூடும், கட்டணமும் கூடும். ஆனா ஏறுமெண்டு நான் சொல்ல மாட்டன்.”

“நீர் இனி ஒண்டும் சொல்ல மாட்டீர் போல கிடக்கு,” என்றார். மனைவி பின்னால் சிரித்தது கேட்டது. அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. புதுப் படிவம் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அது சரிதான். அடுத்த சில நாட்களில் மற்றப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக எடுத்தேன். ‘விளங்கிச்சோ’ என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. ‘விளங்கினதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ’ என்று கேட்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். படித்த பிள்ளை தங்களைச் சோதிக்கிறாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பத்துப் பேரில் ஏழு பேர் உறுதித் தொகையை எடுக்கக்கூடிய காசு என்றே நம்பியிருந்தார்கள். கோலியர்ஸ் வுட்டில் ஒரு அம்மா அதை வைத்து மகளுக்கு வீடு பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த கிழமை சிவபாதத்தின் படிவம் வந்தது. எடுக்க விரும்பும் தொகை என்ற பெட்டியில் இருபத்தாறாயிரம். கையெழுத்துக்குப் பக்கத்தில், வெற்று ஓரத்தில், நீல மையில் தமிழில் ஒரு வரி இருந்தது. படிவங்களை ஏற்றுகிற பகுதிப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதை ஆங்கிலத்தில் பதியாமல் அனுப்ப முடியாது, அது நிபந்தனையாக இருக்கலாம் என்றான்.

“என்ன எழுதியிருக்கிறார்?”

“விளங்கித்தான் எழுதுறன்,” என்று வாசித்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அது நிபந்தனையா?”

“இல்லை,” என்றேன். “போடலாம்.”

அவன் போன பிறகு, நாலு மணிக்கு அது ஓடும்வரை என் மேசையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.